தலையில் அரிப்பு, எரிச்சல், வலி: நாள்பட்ட நோயோடு இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூப்பஸ் என்ற நோயோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்து 12 வருடம் ஆகிறது. மூட்டுவலி, களைப்பு, காய்ச்சல் என்றால் காது கொடுத்துக் கேட்க ஆள் உண்டு. தலை தாங்க முடியாமல் அரிக்கிறது என்றால் மட்டும் "ஷாம்பூவை மாத்திப் பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப் பாதியில் விடப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவையும், நானே என் மருத்துவர்களைக் கேட்டு நச்சரித்தவையும் இங்கே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மருந்தின் பெயர் வரும் இடமெல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்காகத்தான், நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

அரிப்பு, எரிச்சல், வலி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நான் இரண்டு வருடம் எல்லாவற்றையும் "அரிப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தோல் மருத்துவர், "சொறிஞ்சா சுகமா இருக்கா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பிடரிப் பக்கம் சுகமாக இருந்தது. உச்சியில் இல்லை, சொறிந்தால் இன்னும் காந்தியது. ஒரே தலையில் இரண்டு தொந்தரவு இருந்திருக்கிறது. அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் எனக்குச் சரியான மருந்தே கிடைத்தது.

அரிப்பு என்றால் கை தானாகப் போகும், சொறிந்தால் கொஞ்ச நேரமாவது அடங்கும். எரிச்சலுக்கு அந்தச் சுகம் கிடையாது, தணலைக் கிட்டே பிடித்த மாதிரி இருக்கும். வலி என்றால் தொடவே பயம். முடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினாலே வேர்க்கால் ஒவ்வொன்றும் விண்ணென்று தெறிக்கும். பொதுவாக, சொறிந்தால் அடங்குவது தோலிலிருந்து வருவதாக இருக்க வாய்ப்பு அதிகம். எரிவதும் தொட்டால் வலிப்பதும் நரம்பிலிருந்து வரலாம். விதிவிலக்கு நிறைய உண்டு. ஆனாலும் இதைப் பிரித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, சீப்பின் வால் முனையால் வகிடு வகிடாகப் பிரித்து, வேறு யாரையாவது படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால், நெற்றியில் முடி தொடங்கும் ஓரம், பிடரி மூன்றும் கட்டாயம். மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் இருந்தால் அது பொடுகின் முற்றிய வகையாக இருக்கலாம். வெள்ளி நிறத்தில் தடித்த தட்டாக, முடி ஓரத்தைத் தாண்டி நெற்றிக்கும் இறங்கியிருந்தால் சோரியாசிஸ். மெல்லிய தூளாக உதிர்ந்தால் வெறும் வறட்சியாகவும் இருக்கலாம். முடியை நடுவில் வைத்துச் சிறு சிறு பருக்கள் என்றால் வேர்க்கால் அழற்சி.

ஒன்றை நினைவில் வையுங்கள். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அழற்சி "சிவப்பாக" தெரியாது. பழுப்பாக, ஊதா கலந்த கருப்பாக, சில சமயம் வெளுத்த திட்டாகத் தெரியும். சிவப்பு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் எரிகிறது, வலிக்கிறது. எல்லாம் என் மனப்பிரமையா?

இல்லை. தோல் சுத்தமாக இருந்தும் உச்சந்தலை எரிவதும் அரிப்பதும் மருத்துவத்தில் பெயருள்ள ஒரு நிலை. முடியே வலிப்பது போன்ற உணர்வுக்கும் 'ட்ரைக்கோடைனியா' என்று தனிப்பெயர் உண்டு. ஒற்றைத் தலைவலி வரும்போது தலை சீவ முடியாமல் போவது பலருக்குத் தெரிந்த அனுபவம். சாதாரணத் தொடுகையையே நரம்பு மண்டலம் வலியாக மாற்றிவிடுகிறது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயிலும் இது நடக்கும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர்களுக்குக் கழுத்தின் தொந்தரவு தலைத்தோலில் எரிச்சலாகத் தெரிவதுண்டு. அதனால் கழுத்து வலியும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வகைக்கு ஷாம்பூ மாற்றுவதால் பயன் இல்லை. குறைந்த அளவில் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு மருந்துகளை மருத்துவர்கள் தருவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும், ஆகவே உங்கள் மற்ற நோய்களையும் சொல்லியே ஆக வேண்டும். "டென்ஷன்தான் காரணம்" என்று யாராவது சொன்னால், டென்ஷன் அதிகமாக்கும் என்பது உண்மைதான். அதிகமாக்குவது வேறு, உண்டாக்குவது வேறு.

நோயால் வருகிறதா, அதற்குச் சாப்பிடும் மாத்திரையாலா?

இரண்டுமே நடக்கும்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு உடம்பு முழுக்க அரிப்பு வரும், தலையும் அதில் சேரும். இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்றால் இதற்கென்றே டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசி மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி தந்தார்கள். கல்லீரலில் பித்தம் தேங்கினால் தடிப்பே இல்லாமல் அரிக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகம், ராத்திரியில் இன்னும் அதிகம். தைராய்டு குறைந்தால் தோல் வறளும். இரும்புச்சத்து குறைவும் அரிப்பைத் தரும், முடியையும் கொட்ட வைக்கும். பார்கின்சன் நோயில் பொடுகு வகை அழற்சி சாதாரணமாகவே கூடுதல். டெர்மடோமயோசிட்டிஸ் என்ற தசை அழற்சி நோயில் பார்ப்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும், அரிப்போ தூங்கவிடாது.

என் நோயான லூப்பஸைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இதில் ஒரு வகைத் தடிப்பு தலைத்தோலில் வந்தால் செதில் ஒட்டிக்கொண்டு, நடுவில் வெளுத்து, ஓரம் கருத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் வேர்க்கால்கள் அழிந்து வடுவாகிவிடும், அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது. எனக்கு வகிட்டுக்கு இடது பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு அப்படி ஒரு வழுக்கை இருக்கிறது. அரிப்புதானே என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டதற்குக் கிடைத்தது. வெயில் இதைக் கிளப்பிவிடும் என்பதால் தொப்பியோ துணியோ இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை.

மருந்து பக்கம் வந்தால், மார்ஃபின் வகை வலி மருந்துகள் அரிப்பைத் தரும். புற்றணுக்களைக் குறிவைத்துத் தாக்கும் சில மருந்துகள் முகத்திலும் தலையிலும் பருக்களைக் கொண்டுவரும். ஸ்டீராய்டு மாத்திரையாலும் வேர்க்கால்களில் பரு வரும். முடி வளர்வதற்காகப் போடும் மினாக்ஸிடில் திரவம்கூடப் பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி தேதி. எந்த மருந்து எப்போது தொடங்கியது, எப்போது அளவு மாறியது, அரிப்பு எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சந்தேகம் வந்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பொடுகு ஷாம்பூ எத்தனையோ போட்டேன், போகவில்லையே?

எத்தனை நிமிடம் தலையில் வைத்திருந்தீர்கள்? பெரும்பாலும் நுரை வந்தவுடனே அலசிவிடுகிறோம். கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை, 2 முதல் 4 வாரம். அடங்கிய பிறகு ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை. அங்கே இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை, எல்லோருடைய தோலிலும் வாழ்வது, ஒரேயடியாக ஒழிக்க முடியாதது. அதனால் நிறுத்தினால் திரும்ப வருவது மருந்தின் தோல்வி அல்ல. நான் ஒரு பாட்டை ஓடவிட்டு, அது முடிகிற வரை தண்ணீர்ப் பக்கம் போவதில்லை.

இன்னொன்று, ஷாம்பூ முடிக்கு அல்ல, தோலுக்கு. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு லோஷனும் அப்படித்தான். முதலில் வகிடு எடுத்து, பாட்டிலின் மூக்கைத் தோலில் வைத்து இரண்டு மூன்று சொட்டு. விரல் நுனியால் பரப்பிவிட்டு, இரண்டு விரற்கடை தள்ளி அடுத்த வகிடு. முடியில் பட்டது அத்தனையும் வீண். அந்த லோஷனைச் சொன்ன நாட்களுக்கு மேல் போடக் கூடாது, முகத்தில் வழியவிடவும் கூடாது.

செதில் தடித்துப்போயிருந்தால் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. முதலில் அதை இளக்க வேண்டும். சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்போ ஷாம்பூவோ அதற்காகத்தான். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதை அதிக இடத்தில் பூசும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், தோல் வழியாக உள்ளே போகும்.

அடிக்கடி தலைக்குக் குளித்தால் இன்னும் வறண்டு அரிக்காதா?

வறட்சி அரிப்புக்கு ஆம். பிசுக்கான செதிலுக்கு நேர் எதிர்: குளிக்காமல் விட்டால்தான் கூடும்.

எண்ணெய் தேய்க்கலாமா?

எந்த அரிப்பு என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய விஷயம் இது. பிசுக்குச் செதில் இருக்கும் தலையில் எண்ணெய் வைத்து ராத்திரி முழுக்க விடுவது, மலசீசியாவுக்கு விருந்து வைப்பது. அது கொழுப்பைத் தின்று வாழும் பூஞ்சை. சோரியாசிஸ் தட்டுகளை இளக்க ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பெயர்ந்து வருவதை மட்டும் சீப்பால் மெதுவாக எடுத்து, ஷாம்பூ போட்டு அலசலாம். வெறும் வறட்சி என்றால் கொஞ்சமாக, அலசும் முன்பு. புண் இருந்தால் வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் தலையிலும் முகத்திலும் எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தவிர்க்க வேண்டும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய தலையணை உறையும் எளிதில் தீப்பற்றும், அடுப்பு, சிகரெட் பக்கத்தில் கவனம்.

தலைக்குக் குளிக்கவே தெம்பு இல்லை. என்ன செய்வது?

உண்மையான சிக்கல் இதுதான். "வாரம் இரண்டு தடவை ஷாம்பூ" என்று எழுதிக் கொடுப்பவருக்கு, கையைத் தலைக்கு மேலே ஐந்து நிமிடம் தூக்கி வைத்திருப்பது எங்களுக்கு மலையேறுவது என்று தெரியாது.

உடம்புக் குளியலையும் தலைக் குளியலையும் வேறு வேறு நாளாக்குங்கள். எனக்கு மிகப் பெரிய மாற்றம் தந்தது இதுதான். உட்கார்ந்து குளியுங்கள். முக்காலி வழுக்காமல் இருக்க வேண்டும், முழங்கையை ஊன்ற ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. சூடான தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறவர்களைச் சுடுதண்ணீர் மயங்கி விழவே வைக்கும், அரிப்பையும் கூட்டும். மருந்து ஷாம்பூ வைத்திருக்கும் அந்த 5 நிமிடம் சும்மா சாய்ந்து உட்காருங்கள், ஓய்வும் ஆயிற்று.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குக் கட்டிலின் விளிம்பில் தலையைக் கொண்டுவந்து, கழுத்துக்கடியில் துண்டை உருட்டி வைத்து, கீழே பாத்திரம் வைத்து ஊற்றலாம். ஊற்றுகிறவர் ஒரு கையால் நெற்றி ஓரத்தில் தடுப்புப் பிடித்தால் கண்ணில் போகாது. தண்ணீரே வேண்டாத ஷாம்பூத் தொப்பிகள் அவசரத்துக்கு உதவும். உலர் ஷாம்பூத் தூள் மட்டும் எனக்குப் பிடிக்காது. பிசுக்கை மறைக்கும், எடுக்காது, தோலில் தங்கி அரிக்கும். அதற்குப் பதில் ஈரத் துணியை விரலில் சுற்றி வகிடு வகிடாகத் துடைத்தெடுப்பது மேல்.

முடியை வெட்டுவதா என்று கேட்டால், நான் தோள் வரைக்கும் வெட்டினேன். அழுதேன். அடுத்த குளியல் பாதி நேரத்தில் முடிந்தது. எல்லோருக்கும் சொல்லமாட்டேன், கூந்தல் அவரவர் விஷயம்.

படுக்கையிலேயே கிடந்து முடி சிக்குப் பிடித்து உருண்டையாகிவிட்டது. வெட்டத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குப் பிடரியில் கைப்பிடி அளவு கட்டியாகிவிட்டது. தலையணையில் அது அழுத்தி அழுத்தித்தான் பாதி வலி. என் தங்கை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தாள். கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, சிக்குக்கு மேலே வேர்ப் பக்கம் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடி நுனியிலிருந்து விரலால், பிறகு அகலப்பல் சீப்பால். வேர்ப் பக்கம் பிடித்திருந்தால் இழுப்பது தோலுக்குத் தெரியாது. நான் "போதும்" என்றால் அப்படியே துணியைச் சுற்றி விட்டுவிடுவாள், "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு தளரப் பின்னிவிட்டாள், படுக்கும்போது பின்னல் பக்கவாட்டில் விழும்படி. இறுக்கிக் கொண்டை போட்டால் அவிழ்க்கும்போது வேர்க்கால் வலிக்கும், நாள் பட்டால் முன்பக்க முடியும் போகும்.

புரள முடியாதவர்களுக்குப் பிடரியில் அழுத்தப் புண் வரலாம். தலை ஒரே இடத்தில் அழுந்தாமல் திருப்பி வையுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை நல்லதென்று பலர் வாங்குகிறார்கள். அது விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டும், வேண்டாம்.

ராத்திரியானால்தான் உயிர் போகிறது. ஏன்?

ராத்திரியில் தோலின் சூடு கூடும், அழற்சியை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்கியிருக்கும், கவனத்தைத் திருப்ப வேறு எதுவும் இருக்காது. சொறிந்தால் தோல் புண்பட்டு இன்னும் அரிக்கும், அது முடிவே இல்லாத சுற்று.

குளிர்ப்பையைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். குளிர்ச்சி அரிப்பை மட்டுப்படுத்தும். நேராக ஐஸ் வைக்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறியாமல் உள்ளங்கையால் அழுத்துங்கள், அல்லது தட்டுங்கள். தூக்கத்தில் கை போகிறதென்றால் மெல்லிய பருத்தி உறை. தலை நன்றாகக் காயாமல் படுக்கக் கூடாது.

அரிப்பு மாத்திரை என்றாலே பலர் ஆன்டிஹிஸ்டமினைத்தான் நினைக்கிறார்கள். ஒவ்வாமையின்போது உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைத் தடுப்பது அது. ஹிஸ்டமினால் வராத அரிப்புக்கு அது தூக்கத்தைத் தரும், அவ்வளவுதான். வயதானவர்களுக்குப் பழைய வகை மாத்திரைகள் தடுமாற்றத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரலாம்.

முடி கொட்டுவதால்தான் வலிக்கிறதா?

இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, சட்டென்று எடை குறைவது ஆகியவற்றுக்கு 2, 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அந்தச் சமயம் தலைத்தோல் தொட்டால் வலிக்கும். சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழும். வேர்க்கால் அழியாத வரை பெரும்பாலும் ஆறு மாதத்தில் கொட்டுவது அடங்கும். கீமோதெரபியில், முதல் மருந்து ஏறி 2, 3 வாரத்தில் முடி விழும் முன்னால் தலைத்தோல் வலிக்கும். முன்கூட்டியே ஒட்ட வெட்டிக்கொண்டவர்கள் அந்த வலி குறைந்தது என்கிறார்கள்.

முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் முடிவையும் அது தவறாகக் காட்ட வைக்கும். நம்மைப் போல மாதாமாதம் ரத்தம் கொடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

முடிச்சாயம்?

தோல் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். கருப்புச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் ஒவ்வாமைக்குப் பேர்போனது. அடங்கிய பிறகும், பெட்டியில் சொல்லியிருக்கிறபடி தோலில் சோதனை செய்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான்.

பேனாக இருக்குமோ?

இருக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதன்முறை பேன் தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். காதுக்குப் பின்னால் ஈர் இருக்கிறதா பாருங்கள். பொடுகு உதிரும், ஈர் முடியை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை சீவினால் நெற்றிப்பொட்டுப் பக்கம் வலி, மென்றால் தாடை வலி, பார்வை மங்கல் என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தலை ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடும்.

தலையில் ஒரே பக்கம் எரிந்து வலித்து, பிறகு கொப்புளம் வந்தால் அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் தலையில் சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அரிப்போடு கண் மஞ்சளானாலும், புது மருந்துக்குப் பிறகு உதடு வீங்கினாலும் அப்படியே.

மருத்துவரிடம் எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?

போகிற நாளில் தலைக்குக் குளிக்காதீர்கள், எண்ணெயும் வைக்காதீர்கள். நன்றாகச் சீவிச் சுத்தமாகப் போய்த்தான் நான் பல தடவை "ஒன்றுமில்லை" என்று திரும்பி வந்தேன். செதிலெல்லாம் வீட்டுக் குளியலறையிலேயே கழுவிப் போயிருந்தது. மோசமான நாளில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். "ரொம்ப அரிக்குது" என்பதற்குப் பதில், "வாரத்தில் நாலு ராத்திரி தூக்கம் போகுது, சீப்பு வெக்க முடியல" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இது வடு விழுற வகையா?" அதற்கு அவரால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், சின்னத் தோல் துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைப் பற்றிக் கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அளவுதான் எடுப்பார்கள். எனக்கு ஒரே ஒரு தையல் போட்டார்கள். ஊசி போட்ட அந்தச் சில விநாடிதான் வலி.